பழைய ஜீப்புல கியர்பாக்ஸ் சத்தம்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

போடி, கம்பம் பக்கம் விடியக்காலைல ரோட்டோரம் நின்னா ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு மலையேறுற ஜீப்புங்க வரிசையா போகும். கண்ணை மூடிக்கிட்டே எந்த வண்டி எந்த கியர்ல போகுது, எதுக்கு பேரிங் போச்சுன்னு சொல்ற டிரைவருங்க இங்க இருக்காங்க. எனக்கு அந்த அளவுக்கு காது கிடையாது. என்கிட்ட இருக்கறது ஒரு ஹை பானட் ஜீப்பு, அதாவது சி.ஜே. 3பி, மூணு கியர் டி-90 பாக்ஸு, அதுக்குப் பின்னாடி ஒட்டினாப்ல டானா 18 ட்ரான்ஸ்ஃபர் கேஸு, அதாவது கியர்பாக்ஸ்லேர்ந்து வர்ற சுத்த முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற பெட்டி. வாங்கின புதுசுல ஒரு ஊங்காரச் சத்தத்துக்காக பட்டறைல விட்டு கியர்பாக்ஸ இறக்கி பேரிங் பூராம் மாத்தி திரும்ப ஏத்தி ஓட்டிப் பாத்தா அதே சத்தம். கடைசில பாத்தா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நானே ஆசையா வாங்கிப் போட்ட பட்டன் டயரு, கட்டை கட்டையா பல்லு வச்சது! அன்னைலேர்ந்து பாக்ஸ இறக்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கலாம்னு ஒவ்வொண்ணா கத்துக்கிட்டேன், தெரிஞ்சவங்க கேட்டதையும் சேத்து இங்க எழுதியிருக்கேன். எம்.எம். 540 மாதிரி நாலு கியர் வண்டிக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

சத்தம் கேக்குது, மொதல்ல என்ன பண்ணணும்?

ஸ்பேனர எடுக்காதீங்க. ஒரு பேப்பர எடுங்க. வண்டி நிக்கும்போது வருதா ஓடும்போதா, கிளட்ச மிதிச்சா மாறுதா, எந்தெந்த கியர்ல வருது, ஆக்ஸிலேட்டர் அழுத்துனா கூடுதா விட்டா கூடுதா, நேரா போகும்போதா வளைவுலயா, ஃபோர் வீல் போட்டா என்ன ஆகுது, இன்ஜின் வேகத்தோட ஏறுதா இல்ல வண்டி வேகத்தோட ஏறுதா. இவ்வளவுதான். கடைசிக் கேள்விதான் எல்லாத்துக்கும் மேல. நிக்கிற இடத்துலயே ரேஸ் பண்ணும்போது சத்தம் ஏறுச்சுன்னா இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸோட முன்பாதி. ரோட்டு வேகத்தோடதான் ஏறுதுன்னா அதுக்குப் பின்னாடி இருக்கற ஐட்டம், ட்ரான்ஸ்ஃபர்லேர்ந்து டயர் வரைக்கும் எதுவா வேணாலும் இருக்கலாம். மெக்கானிக்கிட்ட போயி "அண்ணே கியர்பாக்ஸ் சத்தம் போடுது"ன்னு சொன்னீங்கன்னா அவரு கியர்பாக்ஸத்தான் பிரிப்பாரு, அவர குத்தம் சொல்லி என்ன பண்றது, நாமதான அப்படி சொன்னோம்.

இந்த வண்டி சத்தமே இல்லாம ஓடுமா?

ஓடாது. கார்ல இருந்து ஜீப்புக்கு வந்தவங்க மொதல் வாரமே பயந்துபோய் கேக்குற கேள்வி இது. டானா 18ல செயின் கிடையாது, பூராம் கியர்தான். அதுலயும் ஒரு விஷயம் இருக்கு, கியர்பாக்ஸ்ல டாப் கியர் போட்டா இன்ஜின் சுத்து அப்படியே நேரா வெளிய வந்துடும், ஆனா அங்கேர்ந்து ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ள போயி ஒரு நடுக் கியர் வழியா சுத்தி வலது பக்கம் தள்ளி இருக்கற அவுட்புட்டுக்கு வந்தாத்தான் ஆக்ஸிலுக்கு போற நீளத் தண்டு, அதாவது புரொபெல்லர் ஷாஃப்ட் சுத்தும். ட்ரான்ஸ்ஃபர் லீவர் ஹைல (சாதா வேகம்) இருந்தாலும் லோல (மெதுவா, இழுவை கூட) இருந்தாலும் அந்த நடுக் கியர தாண்டித்தான் போகணும். அதனால சீரான ஒரு இரைச்சல் எப்பவும் இருக்கும், அது அதோட பிறவிக் குணம். ரிவர்ஸ்ல வர்ற உய்ய்ங் சத்தமும் அப்படித்தான், நேர்பல் வெட்டின கியரு அப்படித்தான் கத்தும். நேத்து இல்லாத சத்தம் இன்னைக்கு வந்தா அதத்தான் கவனிக்கணும்.

நியூட்ரல்ல நிக்கும்போதே கொர்ர்ருன்னு வருது, கிளட்ச மிதிச்சா நின்னுடுது?

இது நல்ல சத்தம், ஏன்னா இடம் தெளிவா தெரிஞ்சுடும். கிளட்ச விட்ட நிலைல நியூட்ரல்ல நின்னாலும் இன்புட் ஷாஃப்டும் கீழ இருக்கற கிளஸ்டர் கியரும் (பல கியர் ஒண்ணா சேந்த கட்டை) சுத்திக்கிட்டேதான் இருக்கும், மிதிச்சா ரெண்டும் நின்னுடும். அப்ப இன்புட் ஷாஃப்ட் பேரிங், இல்லன்னா கிளஸ்டர் கியர் உள்ள இருக்கற ஊசி ரோலருங்க. அதுக்கு முன்னாடி ஆயில் லெவல பாத்துடுங்க, பாதி ஆயில்ல ஓடினாலும் இதே சத்தம்தான் வரும், ஊத்தினா பாதி குறைஞ்சுடும். குறையலன்னா பாக்ஸ இறக்கித்தான் ஆகணும்.

கிளட்ச மிதிச்சாத்தான் சத்தமே வருது?

மேல சொன்னதுக்கு நேர் எதிர். லேசா கால வச்ச உடனே சர்ர்ருன்னு வந்தா ரிலீஸ் பேரிங், பெடல மிதிச்சா கிளட்ச தள்ளி விடுறது. கியர் போட்டு முழுசா மிதிச்சு வச்சிருக்கும்போது மட்டும் கீச்சுன்னு கத்துனா ஃப்ளைவீல் நடுவுல இருக்கற பைலட் புஷ்ஷு. அப்பத்தான் இன்ஜின் சுத்தும், இன்புட் ஷாஃப்ட் நிக்கும், அந்தச் சின்ன வெண்கல புஷ்ஷுல உரசல் வரும். ரெண்டுல எது போயிருந்தாலும் பாக்ஸ இறக்கணும், அதனால இறக்கும்போது ரெண்டையும் சேத்தே மாத்திடுங்க, புஷ்ஷு விலைய பாத்து மிச்சம் பிடிக்கிறேன்னு விட்டுட்டு ஆறு மாசத்துல திரும்ப கூலி குடுத்தவங்க உண்டு.

ஒண்ணு ரெண்டுல ஊளையிடுது, டாப்ல சுத்தமா இருக்கு?

டாப்ல சுமை கிளஸ்டர் கியர் மேல ஏறாது, மத்த கியர்ல எல்லாம் அது வழியாத்தான் போகும். அதனால கிளஸ்டர் கியர் பல்லு, அதோட ரோலர், அந்த ஷாஃப்ட். ஒரே ஒரு கியர்ல மட்டும்னா அந்த கியர் ஜோடி தேஞ்சிருக்கு. நாலு கியர் வண்டில நாலாவதுதான் நேரா போற டாப், அத வச்சுப் பாருங்க.

ஊங்காரம் எல்லா கியர்லயும் இருக்கு, நியூட்ரல்ல உருட்டினாலும் போகல. கியர்பாக்ஸா?

நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

சமதளத்துல, வண்டி நடமாட்டம் இல்லாத ரோட்டுல, நாப்பதுல போயி கிளட்ச மிதிச்சு நியூட்ரல் போட்டு உருட்டுங்க. மலை இறக்கத்துல இத பண்ணாதீங்க, இன்ஜின் பிரேக் இல்லாம டிரம் பிரேக் வண்டிய நிறுத்துறது என்ன கஷ்டம்னு ஓட்டுனவங்களுக்குத் தெரியும். உருட்டும்போதும் சத்தம் அப்படியே இருந்தா இன்ஜினயும் கியர்பாக்ஸ் முன்பாதியையும் மறந்துடுங்க.

அடுத்தது டயரு. தார் ரோட்டுலேர்ந்து மண் ரோட்டுக்கு இறங்கும்போது சத்தம் மாறுதா? பேரிங்கோ கியரோ ரோட்ட பாத்து சத்தத்த மாத்தாது, டயர் மாத்தும். இன்னும் சந்தேகம்னா நாலு டயர்லயும் காத்த பத்து பி.எஸ்.ஐ. கூட்டி ஒரு ரவுண்டு போங்க, சத்தத்தோட சுதி மாறுச்சுன்னா டயர்தான், வந்த உடனே காத்த பழையபடி குறைச்சுடுங்க.

அப்புறம் வீல் பேரிங். போய்க்கிட்டே ஸ்டீயரிங்க லேசா இடது வலதுன்னு அலையவிடுங்க, எடை வலது பக்கம் சாயும்போது இரைச்சல் கூடினா வலது வீல். ஒரு அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஹப்ப தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாம சுட்டா அங்க பேரிங்கு இல்லன்னா பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.

இதெல்லாம் இல்லன்னா டிஃபரென்ஷியல், ஆக்ஸில் நடுவுல இருக்கற கியர் உருண்டை. இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டு ஆக்ஸிலேட்டர விட்டா அடங்குதுன்னா கிரவுன் பினியன் (அதுக்குள்ள இருக்கற பெரிய கியர், சின்ன கியர் ஜோடி) பல்லு தேஞ்சது, இல்ல செட்டிங் சரியில்லாதது. விட்டா மட்டும் ஊளையிடுதுன்னா பினியன் பேரிங் தளர்ந்திருக்கும். வளைவுல மட்டும் டொக் டொக்குன்னா உள்ள இருக்கற ஸ்பைடர் கியரு. கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோட்டுல ஒருதடவ ஏறி இறங்கினா இந்த மூணும் தன்னால தெரிஞ்சுடும், ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு, வளைவுல ஒண்ணுன்னு.

முன்னாடி ஆக்ஸிலா பின்னாடியான்னு குழப்பமா? ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்த ஆக்ஸில் தண்டுலேர்ந்து பிரிச்சுவிடுறது) இருந்தா லாக்க எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க, சத்தம் போச்சுன்னா முன் ஆக்ஸிலு. ஹப் இல்லாத வண்டில ஃபோர் வீல் போடாட்டியும் முன் ஷாஃப்டும் கிரவுனும் சும்மா சுத்திக்கிட்டேதான் வரும், முன் புரொபெல்லர் ஷாஃப்ட கழட்டிட்டு ஓட்டலாம், ஆனா சக்கரம் சுத்துறதால கிரவுன் அப்பவும் சுத்தும், சத்தம் போச்சுன்னா ஷாஃப்டுன்னு மட்டும்தான் தெரியும். பின்னாடி ஷாஃப்ட கழட்டி ஃபோர் வீல் போட்டு முன் சக்கரத்துல மட்டும் ஓட்டிப் பாக்குறதும் உண்டு, ஆனா ஒண்ண மறந்துடாதீங்க, இந்தப் பழைய வண்டிங்கள்ல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்ல, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி இருக்கற டிரம்முல. பின் ஷாஃப்ட கழட்டினா ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்த பிடிக்காது. சக்கரத்துக்கு கட்டை வைக்காம கீழ படுக்கவே படுக்காதீங்க.

வண்டி எடுக்கும்போதும் ஆக்ஸிலேட்டர விட்டுப் பிடிக்கும்போதும் டங்குன்னு அடிக்குது?

பத்துல ஏழு எட்டு வண்டில இது புரொபெல்லர் ஷாஃப்டோட யு.ஜே. கிராஸுதான், அதாவது ஷாஃப்ட் முனைல மடங்கிச் சுத்த விடுற கூட்டல் குறி மாதிரி மூட்டு. கட்டை வச்சுட்டு கீழ போயி ஷாஃப்ட கையால பிடிச்சு இடமும் வலமும் திருகுங்க, கிராஸு இருக்கற இடத்துல ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசையலன்னா போச்சு. ஷாஃப்ட் நீண்டு குறைய விடுற ஸ்லிப் ஜாயிண்டோட ஸ்ப்லைன் பல்லுல ப்ளே (ஆட்டம்) இருக்கான்னும் அப்படியே பாத்துடுங்க. மெதுவா போகும்போது குருவி கத்துற மாதிரி கீச் கீச்சுன்னு வந்தா கிராஸு கிரீஸ் இல்லாம காஞ்சு கிடக்கு, அந்தக் கட்டத்துலயே கிரீஸ் கன்ன எடுத்தா பொழைக்கும்.

கிராஸு நல்லா இருந்தா ட்ரான்ஸ்ஃபர் அவுட்புட் நட்டு லூஸா, கியர்பாக்ஸ் கீழ இருக்கற ரப்பர் மவுண்ட் கிழிஞ்சிருக்கான்னு பாக்கணும். டீசல் வண்டி ஆட்டத்துக்கு மவுண்ட் சீக்கிரம் போகும். இன்னொண்ணு, ஷாஃப்ட ரெண்டா பிரிச்சு திரும்ப சேர்க்கும்போது ரெண்டு முனை யோக்கும் (கிராஸ பிடிக்கிற கவை) ஒரே வரிசைல நிக்கணும். ஒரு பல்லு தள்ளி மாட்டினாலும் வண்டி பூராம் அதிரும், அத பாத்துட்டு டிஃபரென்ஷியல பிரிச்ச கதையும் இங்க நடந்திருக்கு. பிரிக்கும் முன்னாடி ரெண்டு பக்கமும் சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்கங்க.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான்னு முடிவாயிடுச்சு. உள்ள எது போயிருக்கும்?

பெரும்பாலும் அந்த நடுக் கியரோட ஷாஃப்ட், இன்டர்மீடியட் ஷாஃப்ட்னு சொல்றது. வண்டி எப்படி ஓடினாலும் சுமை அது மேலதான், அதோட ஊசி ரோலர் ஷாஃப்டயே அரிச்சு வரி வரியா பள்ளம் போட்டிருக்கும். கேஸ் அடில இருக்கற தட்டு மூடிய கழட்டினா கியர் நேரா கண்ணுல படும், கையால ஆட்டினாலே தெரியும், வண்டிலேர்ந்து கேஸ இறக்க வேண்டியதில்ல. நல்ல வெளிச்சத்துல பல்லு ஒவ்வொண்ணா திருப்பிப் பாருங்க, ஓரம் உடைஞ்சதோ புள்ளி புள்ளியா செதில் விட்டதோ இருந்தா கியரையும் மாத்தணும்.

சாமான் வாங்கப் போறதுக்கு முன்னாடி ஷாஃப்ட வெர்னியர்ல அளந்துடுங்க. ஜீப்பு செஞ்ச பழைய அமெரிக்க கம்பெனி வில்லிஸ் காலத்துலேர்ந்து இது மூணு தடிமன்ல வந்திருக்கு (எட்டு நூலு ஒரு இன்ச்சு), ஆறு நூலு, ஒரு இன்ச்சு ஒரு நூலு, ஒரு இன்ச்சு ரெண்டு நூலு. நம்ம வண்டிங்கள்ல எந்த கேஸு எந்த வண்டிக்கு எப்ப மாறிச்சுன்னு யாரு கண்டா, ஆர்.சி. புக்குல இருக்கற வருஷத்த சொல்லி வாங்கினா பாதி நேரம் திரும்பக் கொண்டுபோய் மாத்தணும். பழைய ஷாஃப்டயே கைல எடுத்துட்டுப் போயிடுங்க. லேத்ல புது ஷாஃப்ட் அடிச்சுத் தர்றேன்னா கடினப்படுத்தித் தருவாங்களான்னு கேளுங்க, சும்மா கடைஞ்ச இரும்ப போட்டா ரோலர் அத வெண்ணெய் மாதிரி தின்னுடும். ரெண்டு பக்கமும் வர்ற வெண்கல வாஷரயும் புதுசா போடுங்க.

ஃபோர் வீல் போட்டு தார் ரோட்டுல வளைச்சா கட்டுக் கட்டுன்னு உடையுற மாதிரி சத்தம், லீவரும் வர மாட்டேங்குது?

வண்டில கோளாறு இல்ல. இதுல நடுவுல டிஃபரென்ஷியல் கிடையாது, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வேகத்துல சுத்தியே ஆகணும், வளைவுல அப்படி சுத்த முடியாது, மண்ணுனா டயர் சறுக்கி சமாளிச்சுக்கும், தார்ல சறுக்காது, முறுக்கு பூராம் ஷாஃப்டுலயும் கியர்லயும் ஏறி நிக்கும். லீவர சுத்தியலால அடிக்காதீங்க. நேரா நாலடி ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு கழண்டு லீவர் தன்னால வந்துடும். மண்ணுல வளைக்கும்போதும் முன் சக்கரத்துகிட்ட டிக் டிக்குன்னு வந்தா அது வேற, சக்கரத்துக்குள்ள இருக்கற ஆக்ஸில் ஜாயிண்ட் தேஞ்சிருக்கு.

கியர் போடும்போது நறநறன்னு அரைக்குது?

டி-90ல ஒண்ணாவதுக்கும் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ (கியர் சேரும் முன்னாடி வேகத்த சமமாக்குற வளையம்) கிடையாது, வண்டி முழுசா நிக்காம போட்டா அரைக்கத்தான் செய்யும், அது உங்க அவசரம். நின்ன வண்டில கிளட்ச மிதிச்சு மனசுக்குள்ள பத்து எண்ணிட்டு ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் அரைச்சா கிளட்ச் முழுசா விடல, பெடல் ப்ளே, லிங்கேஜு, பைலட் புஷ்ஷு ஒட்டியிருக்கான்னு பாருங்க. மேல் கியர் மாத்தும்போது மட்டும்னா சிங்க்ரோ ரிங்.

கியர் தானா துள்ளி வெளிய வந்துடுது?

இறக்கத்துல ஆக்ஸிலேட்டர விட்டதும் ரெண்டாவது கியர் துள்ளுறது டி-90க்கு பழைய வியாதி. மேல் மூடிய கழட்டி கியர பிடிச்சு நிறுத்துற ஸ்ப்ரிங்கும் குண்டும் பாருங்க, மலிவான வேலை. அதுல சரியாகலன்னா பல்லு மழுங்கியிருக்கு, இல்ல மெயின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுது. கியர் லீவர கையால பிடிச்சுக்கிட்டே இறங்குறவங்க இருக்காங்க, கயிறு கட்டி இழுத்துவச்ச ஒரு வண்டியையும் பாத்திருக்கேன். வேணாம். கியர் இல்லாத ஜீப்ப இறக்கத்துல பிரேக் மட்டும் நிறுத்தும்னு நம்பாதீங்க.

ஆயில பாத்து ஏதாவது தெரியுமா?

நிறைய தெரியும், அதுவும் இருக்கறதுலயே மலிவான டெஸ்ட். கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபரும் சேத்து மூணு லிட்டருக்குள்ளதான். மேல இருக்கற ஊத்துற பிளக்க மொதல்ல கழட்டிப் பாத்துட்டு அப்புறம் கீழ் பிளக்க திறங்க, மேல் பிளக் துருப்பிடிச்சு வரலன்னா ஆயில் இல்லாத வண்டியோட நடுத்தெருவுல நிப்பீங்க. வெள்ளைத் துணில வடிகட்டுங்க. மை மாதிரி சாம்பல் பசை இருந்தா வயசுக்கு சரி. செதில் செதிலா இரும்பு வந்தா பல்லோ பேரிங்கோ உதிருது. தங்கப்பொடி மாதிரி மின்னுனா சிங்க்ரோ ரிங்கோ வெண்கல வாஷரோ தேயுது. பால் டீ நிறத்துல இருந்தா தண்ணி புகுந்திருக்கு, ஓடை தாண்டி ஓட்டுறவங்களுக்கு இது சகஜம், ப்ரீத்தர், அதாவது காத்து போற துளை அடைச்சிருக்கான்னும் பாருங்க.

கியர்பாக்ஸ்ல ஆயில் குறைஞ்சு ட்ரான்ஸ்ஃபர்ல கூடியிருந்தா நடுவுல கசியுதுன்னு அர்த்தம், வெளிய ஒரு சொட்டு தெரியாது, பாக்ஸ் மட்டும் காயும். அதனால எப்பவும் ரெண்டு லெவலயும் சேத்துப் பாக்கணும். கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4 தரத்துல 90 கிரேடு கேட்டு வாங்குங்க. கடைல ஜி.எல்.5 குடுத்து எல்லாம் ஒண்ணுதாண்ணேன்னு சொல்லுவாங்க. அது கிரவுனுக்கு நல்லது, சிங்க்ரோ இருக்கற பாக்ஸுல அதுல சேக்குற மருந்து பித்தளைய அரிக்கும்.

கியர் லீவர் கடகடன்னு ஆடுது, கைய வச்சா நின்னுடுது?

லீவர் அடில ஸ்ப்ரிங்கும் புஷ்ஷும் தேஞ்சது. பயப்படாதீங்க.

பழைய ஜீப்பு வாங்கப் போறேன், சத்தமே இல்ல. நம்பலாமா?

ரொம்ப அமைதியா இருந்தாத்தான் எனக்கு சந்தேகம் வரும். தேஞ்ச பாக்ஸுல ஆயிலோட கிரீஸையோ மரத்தூளையோ கலந்துவிட்டு விக்கிறது ஊரு உலகத்துல எல்லா இடத்துலயும் நடக்குற பழைய வித்தை. ஊத்துற பிளக்க கழட்டி விரல விட்டுப் பாருங்க, ஆயில் விரல்லேர்ந்து வழியணும், களிம்பு மாதிரி ஒட்டி நின்னா கிளம்பிடுங்க. விக்கிறவரு திறக்க விடலன்னாலும் கிளம்பிடுங்க. ஓட்டிப் பாக்கும்போது இன்ஜின் நல்லா சூடாகட்டும், ஆயில் இளகின பின்னாடிதான் உண்மைச் சத்தம் வெளிய வரும். ரெண்டு லீவரையும் எல்லா நிலைக்கும் போட்டுப் பாருங்க, வருஷக்கணக்கா ஃபோர் வீலே போடாம லீவர் இறுகிப்போன வண்டிங்க நிறைய.

சத்தத்தோடயே எவ்வளவு நாள் ஓட்டலாம்?

சீரான ஊங்காரம், பல மாசமா அதே அளவு, ஆயில்ல செதில் இல்லன்னா ஓட்டுங்க, மாசம் ஒருதடவ ஆயில் பாருங்க. கீச் சத்தம்னா கிரீஸ் அடிச்சுட்டு ஓட்டுங்க. ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் ஒருதடவ டக் டக்குன்னு கணக்கா வந்தா, அது பல்லு உடைஞ்சது, அந்தத் துண்டு உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், அது ரெண்டு கியருக்கு நடுவுல மாட்டினா கேஸே பிளந்துடும். அத அப்படியே நிறுத்தி கட்டி இழுத்துட்டு வாங்க, இழுக்கும்போது ட்ரான்ஸ்ஃபர் அவுட்புட் சுத்தாம இருக்க புரொபெல்லர் ஷாஃப்டுங்கள கழட்டி வண்டிக்குள்ள போட்டுக்கங்க. போல்ட்ட எண்ணி வைங்க, எங்கிட்ட இன்னும் ரெண்டு குறையுது.